எழுபது மீட்டர் தூரத்தில் ஓர் உலகச் சாம்பியன்

2019 ஜூன் மாதத் தொடக்கம். நாடே நோன்புப் பெருநாள் விடுமுறையில் இருந்தது. திறந்த இல்ல உபசரிப்பும் பலகாரமுமாக நாம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த அந்த வாரத்தில், நெதர்லாந்தின் செர்டோகன்போஸ் நகரில் மலேசியத் தமிழர் ஒருவர் மஞ்சள் வட்டத்தைக் குறிவைத்து நாணை இழுத்துக்கொண்டிருந்தார். பெயர் சுரேஷ் செல்வத்தம்பி. உலகப் பாரா வில்வித்தைப் போட்டியின் ஆண்கள் ரிகர்வ் திறந்த பிரிவில் அவருக்குத் தங்கம் கிடைத்தது. உலகச் சாம்பியன் ஆனார்!

அண்மையில் வானொலியில் நேயர்களிடம் கேட்டேன்: "உலகச் சாம்பியன் பட்டம் வென்ற மலேசியத் தமிழ் வில்லாளர் யார்?" சினிமாக் கேள்வி என்றால் தொலைபேசி ஓயாது. அன்று மூன்றே அழைப்புகள். அதிலும் ஒருவர் சிரித்துக்கொண்டே "அர்ஜுனன்" என்றார். சரியான பதில் கடைசிவரை வரவில்லை.

இந்த விளையாட்டு எவ்வளவு கடினம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தத் தங்கத்தின் எடை புரியும். ரிகர்வ் என்பது முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில். இலக்கு 70 மீட்டருக்கு அப்பால் இருக்கும். இலக்குப் பலகையின் அகலம் 122 சென்டிமீட்டர். பத்துப் புள்ளி தரும் நடுவட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர். நாணை இழுக்க ஆண்களுக்கு 20 கிலோவுக்கும் மேல் பலம் தேவைப்படலாம். தகுதிச் சுற்றில் மட்டும் 72 அம்புகள். கணக்குப் போட்டால், ஒரே நாளில் தோளும் முதுகும் ஏறக்குறைய ஒன்றரை டன் இழுக்கின்றன.

அதன் பிறகுதான் நேருக்கு நேர் மோதல். ஒரு செட்டுக்கு மூன்று அம்பு. செட்டை வென்றால் இரண்டு புள்ளி, சமமானால் ஒன்று. முதலில் ஆறு புள்ளி எடுப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஓர் அம்பு தவறினால் மீள்வதற்கு நேரமே இருக்காது. திறந்த பிரிவில் சக்கர நாற்காலியில் இருப்பவரும் நின்றபடி எய்பவரும் ஒரே வரிசையில் மோதுவார்கள். சலுகைப் புள்ளி எவருக்கும் கிடையாது.

2021-இல் நடந்த தோக்கியோ பாராலிம்பிக்கிலும் சுரேஷ் களம் கண்டார். அங்கே பதக்கம் கைகூடவில்லை. வில்வித்தையில் இது புதிதல்ல. பின்லாந்தின் தோமி பொய்கோலைனன் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 18 வயதில் தங்கம் வென்றவர். 288 அம்புகளை எய்து அவர் எடுத்தது 2455 புள்ளி. இரண்டாம் இடம் வந்தவருக்கு 2452. நான்கு நாள் போட்டியை மூன்றே புள்ளிகள் முடிவு செய்தன! அடுத்த பதக்கத்துக்கு அவர் 1992 பார்சலோனாவரை காத்திருந்தார். அப்போது கிடைத்தது குழுப் பிரிவில் வெள்ளி.

வில்லில் தொடங்கிய பாராலிம்பிக்

பாராலிம்பிக் இயக்கம் பிறந்ததே வில்வித்தையில்தான். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், போரில் காயமடைந்த 16 முன்னாள் வீரர், வீராங்கனைகளை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் தோளுக்கும் முதுகுக்கும் வலு சேர்த்த பயிற்சி அது.

இன்று ஜம்மு காஷ்மீரின் ஷீத்தல் தேவி, கைகள் இல்லாமல் பிறந்தவர், காலால் வில்லைப் பிடித்துத் தோளால் நாணை இழுக்கிறார். 2025-இல் உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றுவிட்டார். அவருடைய காணொளியை நாம் எல்லாரும் புலனத்தில் பகிர்ந்திருக்கிறோம். நம் நாட்டுச் சுரேஷைப் பற்றி எத்தனை பேர் பகிர்ந்தோம்?

நம் வீட்டுக் கதவுக்குள்

இதை நான் சும்மா கேட்கவில்லை. நான் வசிப்பது தெலுக் பங்லிமா காராங்கில். தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் மோட்டார்கள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போவதைத் தினமும் பார்க்கிறேன். இந்நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பிழைத்து வீடு திரும்புவோரின் கதை செய்தியில் வருவதில்லை.

எங்கள் வட்டாரத்து அம்மா ஒருவர் நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்தார். வேலை முடிந்து திரும்பும்போது மகன் விபத்தில் சிக்கி இரண்டு வருடம் ஆகிறதாம். "கல்யாணம், கோயில்னு எங்கேயும் கூட்டிப் போறதில்ல தம்பி. பாக்கிறவங்க ஏதாச்சும் கேட்டா அவன் மனசு தாங்காது," என்றார். மகனுக்காக ஒரு பாட்டுப் போடச் சொன்னார். நான் பாட்டோடு சுரேஷின் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் அந்தத் தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி: "அண்ணா, 70 மீட்டர்னா எவ்ளோ தூரம்?" எங்கள் தாமான் வரிசை வீடுகளைக் கணக்கிட்டுப் பதில் அனுப்பினேன்: "ஏறக்குறைய பதினொரு வீடு."

இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். முதல் வேலையாக, மாவட்டச் சமூகநல இலாகாவில் ஓகேயூ அட்டைக்குப் பதிவு செய்யுங்கள், கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து என்றால் சொக்சோவை விடாதீர்கள். இழப்பீட்டோடு நின்றுவிடாமல் மறுவாழ்வுச் சிகிச்சையையும் கேளுங்கள். அதற்கென்றே மலாக்காவில் சொக்சோவின் மையம் இருக்கிறது. விளையாட்டில் ஆர்வம் வந்தால், தேசியப் பாரா வீரர்கள் பயிலும் மையம் கோலாலம்பூர் கம்போங் பண்டானில் உள்ளது. அவசரப்பட்டு வில் வாங்க வேண்டாம். கையின் நீளத்துக்கும் பலத்துக்கும் ஏற்றபடிதான் வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் ஒரு பயிற்றுநரிடம், இலேசான வில்லில் எய்து பார்க்கட்டும்.

"இதில் என்ன எதிர்காலம்?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். 2016 ரியோ பாராலிம்பிக்கில் ரிட்சுவான் பூசி, சியாட் சொல்கிப்லி, லத்திப் ரொம்லி மூவரும் தங்கம் வென்றபோது, ஒலிம்பிக் தங்கத்துக்கு அறிவித்திருந்த அதே 10 லட்சம் ரிங்கிட் அவர்களுக்கும் வழங்கப்பட்டது. அரசாங்கம் இருவரையும் சமமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

எல்லாரும் சுரேஷ் ஆகிவிட முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வெளியே போக ஓர் இடம், கையில் பிடிக்க ஒரு பொருள், "இன்னிக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்க ஒரு நண்பன். அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு அது போதும். அடுத்த கல்யாண அழைப்பிதழ் வரும்போது, அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.