“பை இருக்கு”னு முதல்லயே சொல்லிடுங்க!

திருமுல்லைவாயலில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு மலக்குடலில் கட்டி. ஆபரேஷன் செய்து, உள்ளே தையல் ஆறும்வரை சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டுப் பை மாட்டியிருந்தார்கள். சில மாதம் கழித்து ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் சென்டரில் எல்லோருக்கும் தரும் தாளையே அவருக்கும் நீட்டினார்கள். ‘முதல் நாள் இரவு பேதி மருந்து’ என்றிருந்தது அதில். கவுன்டரில் கூட்டம். பை இருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பேசாமல் வாங்கி வந்து மருந்தைக் குடித்துவிட்டார். விடிவதற்குள் எத்தனை தடவை பை நிறைந்தது என்று கணக்கே இல்லை. காலையில் ஸ்கேனுக்குப் பதிலாக குளுக்கோஸ் ஏற்றத்தான் அழைத்துப் போனோம்.

சாப்பாட்டிலிருக்கும் தண்ணீரையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சிக்கொள்வது பெருங்குடல்தான். சிறுகுடலில் பை வைத்தவர்களுக்கு (இலியோஸ்டமி) அந்த வேலை நடப்பதில்லை. அவர்களுக்கு எப்போதுமே தண்ணீராகத்தான் போகும். அதற்கு மேல் பேதி மருந்தும் சேர்ந்தால் உடம்பு வற்றி, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். பெருங்குடலில் பை வைத்தவர்களுக்கு (கோலோஸ்டமி) சில பரிசோதனைகளுக்கு மட்டும் குடலைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். அதனால் ஸ்கேனுக்கு நேரம் வாங்கும்போதே, பை இருப்பதையும் அது எந்தக் குடல் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேதி மருந்து என்று தாளில் இருந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்காமல் குடிக்காதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.

குடலைப் பார்க்கும் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டுக்குமே பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு மேல் ஒரு திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்வார்கள். லேசாக இனிக்கும். குடல் விரிந்தால்தான் படத்தில் தெளிவாகத் தெரியும். சிறுகுடல் பைக்காரர்களுக்கு இது சீக்கிரமே பைக்குள் இறங்கிவிடும். இறங்க ஆரம்பித்ததும் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். திரவம் கடைசிவரை வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். டேபிளில் படுப்பதற்கு முன் பையைக் காலி செய்துவிடுங்கள்.

சாதாரணமாகப் பையைக் கழற்றச் சொல்வதில்லை. ஆனால் இடுப்பு பெல்ட்டில் உலோகக் கொக்கி இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன் எடுத்துவிட வேண்டும். நரம்பில் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். பயப்பட வேண்டாம், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். குடல் அசையாமல் இருக்க ஊசி போட்டால் கொஞ்ச நேரம் கண் மங்கலாம். அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

குடலை மறுபடி உள்ளே இணைக்கும் முன் எடுக்கும் பரிசோதனை வேறு மாதிரி. தையல் போட்ட இடம் கசிகிறதா என்று பார்ப்பதற்கானது அது. பையைக் கழற்றிவிட்டு, வயிற்றிலிருக்கும் திறப்பின் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ மெல்லிய டியூப் விட்டு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தச் சிவந்த சதையைத் தொட்டால் வலிக்காது, அதில் வலி நரம்பு இல்லை. வயிறு உப்பியது போல் ஓர் இறுக்கம் மட்டும் இருக்கும். மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்த ஆசனவாய் வழியாக அன்று திடீரென்று மருந்து வெளியேறும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேட் வைத்துக்கொண்டு போங்கள்.

அளவுக்கு வெட்டி வைத்த இரண்டு பைகள், டிஷ்யூ, கவர், மாற்று லுங்கி அல்லது நைட்டி, இவ்வளவும் ஒரு கட்டைப்பையில் இருக்கட்டும். டூவீலர் சீட்டுக்கு அடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஆவடி வெயிலுக்குப் பசை இளகிவிடும்.

வீடு திரும்புவதுதான் பெரிய பாடு. ராஜீவ் காந்தி மருத்துவமனையில் ஸ்கேன் முடித்து சென்ட்ரலில் லோக்கல் டிரெயின் ஏறினால், அம்பத்தூரோ ஆவடியோ வரும்வரை பெட்டியில் கழிப்பறை கிடையாது. பூந்தமல்லி பஸ்ஸிலும் அதே கதைதான். குடித்த திரவம் இன்னும் சில மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு தடவை காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓ.ஆர்.எஸ்., உப்பு போட்ட மோர், கஞ்சி. வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் உப்பு இன்னும் குறையும். தலைசுற்றல், சிறுநீர் குறைவது, கால் நரம்பு இழுப்பது என்று எது வந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

உடம்பில் ஒட்டிக்கொள்ளும் பை என்ற யோசனையே 1954-ல் எலிஸ் சோரன்சன் என்ற டென்மார்க் நர்ஸுக்கு வந்ததுதான். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே போகவே பயந்த தன் சகோதரிக்காக யோசித்தார். ஆக, இந்தக் கூச்சம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை.

இரண்டாவது தடவை பெரியப்பா கவுன்டரில் நிமிர்ந்து நின்று, “சிறுகுடல்ல பை இருக்கும்மா, எனக்குப் பேதி மருந்து கிடையாது” என்றார். ரசீது வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வரிசையில் நின்றிருந்த ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“சார், நீங்க எந்தக் கடையில பை வாங்குறீங்க?”