விடியலில் மேற்கே பாருங்கள்

சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் நடுச்சாமத்தில் புறப்படுவது சூரிய உதயம் பார்க்கத்தான். ஆனால், உதயத்தைவிட அதற்கு எதிர்ப்பக்கம் நடப்பதுதான் எனக்குப் பெரிது.

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ் பிடித்தால் மலையடிக்கு வந்துவிடலாம். உச்சி 2,243 மீற்றர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மூன்று, நான்கு மணி நேர ஏற்றம். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். தேயிலை ஓரமாகப் போகும் முதல் பகுதி லேசானது. அதை நம்பி வேகமாக நடந்துவிடாதீர்கள். கடைசிப் பகுதி செங்குத்து. அங்கே பிடித்து ஏறும் இரும்புக் கம்பி பனியில் நனைந்து விரலை மரத்துப்போக வைக்கும். கம்பளிச் சட்டையை உச்சிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த உடம்பில் காற்று படும்போதுதான் குளிர் உறைக்கும்.

விடிந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்துக் கும்பிடுவார்கள். நீங்கள் ஒருமுறை மேற்கே திரும்புங்கள். இரத்தினபுரிப் பக்கத்து மூடுபனியின்மேல் மலையின் நிழல் கூரிய முக்கோணமாகக் கிடக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் அப்படி என்று நினைக்கத் தோன்றும். முழுக் காரணம் அதுவல்ல. தாழ்ந்த சூரியனால் நிழல் வெகுதூரம் நீள்கிறது. ஒரே அகலத்தில் ஓடும் தண்டவாளம் தொலைவில் ஒன்றுசேர்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறதே, அதே கதைதான். தட்டை உச்சியுள்ள மலையும் விடியலில் முக்கோண நிழலையே காட்டும். வெயில் ஏற ஏற அது மலையடியை நோக்கிச் சுருங்கிவிடும்.

டிசம்பர் போயாவில் தொடங்கும் சீசன் மே மாத வெசாக்கோடு முடிகிறது. அதன்பின் தென்மேல் பருவமழை; பாதையில் விளக்கும் இல்லை, தேத்தண்ணிக் கடையும் இல்லை. சிவன் பாதம், புத்தர் பாதம், ஆதம் பாதம் என்று அவரவர் நம்பிக்கையோடு எல்லோரும் ஏறும் மலை இது. 1344இல் பயணி இபுன் பதூதாவும் ஏறினார். பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

இறங்கும்போது முழங்கால்தான் வலிக்கும், மெதுவாக இறங்குங்கள். கீழே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். அதைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் அங்கிருந்த பழைய கோயிலின் கற்கள் இன்றும் வெளியே தெரியும்.