ரூல்ஸ் எங்களுக்கு மட்டும்தானா சார்?

காலேஜ் கேட்டைத் தாண்டினதும் கண்ணில் படுவது எது? 'டி-ஷர்ட் கூடாது, செல்போன் கூடாது' என்று வரிசையாகக் 'கூடாது' போட்ட போர்டுதானே!

இது நேற்று ஆரம்பித்த கதையில்லை. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் இன்ஜினீயரிங் காலேஜ்களில் ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்லீவ்லெஸ், செல்போன் எல்லாவற்றுக்கும் தடை போட்டபோது கேம்பஸ் முழுக்க அதே பேச்சுதான்.

அதற்காக ரூல்ஸே வேண்டாம் என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட ரூல்ஸ் உயிரைக் காப்பாற்றும் என்பது எல்லோருக்குமே தெரியும்.

அப்புறம் என்னதான் கோபம்? கேன்டீன் பக்கம் காதைத் திருப்பினால் இப்படித்தான் கேட்கும்.

"அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா எங்களுக்கு ஆப்சென்ட். சார் அரை மணி நேரம் லேட்டா வந்தா யாரு கேக்கறது?"

"டிரெஸ்ஸைப் பத்தி கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கமென்ட் அடிக்கிறாங்க. அது மட்டும் ஒழுக்கமா?"

"கேட்டுடலாம்தான். இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்கே!"

உடனே எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "நாம மட்டும் யோக்கியமா மச்சான்? பிராக்ஸி கொடுக்கறோம், பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில செல்லை நோண்டறோம். அவங்களுக்கும் எரிச்சல் வராதா?" நியாயம்தான்!

ஆனால், ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்ட ரூல்ஸ் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் ஆசிரியர்களுக்கான நெறிமுறைகள் தனியாகவே உண்டு. மாணவர் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை மதிக்க வேண்டும். சாதி, மதம், பால், வசதி பார்க்காமல் நடத்த வேண்டும். வகுப்பு நேரம் முடிந்தும் கைம்மாறு எதிர்பார்க்காமல் உதவ வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது யு.ஜி.சி.யின் 2015 விதி. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். உங்க காலேஜில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? தெரியாது என்றால், நாளைக்கே ஆபீஸில் கேளுங்கள்.

நாம் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. அந்தக் 'கூடாது' போர்டுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர்களின் நெறிமுறையையும், புகார்க் குழுவில் இருப்பவர்களின் பெயர்களையும் எழுதி வைக்கட்டும். ரெண்டு பேரும் தினமும் ஒரே கேட் வழியாகத்தானே உள்ளே வருகிறோம்!