இசை நெகிழ்வட்டுகளும் நகல் தடையும்

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆப்பிள் II கணிப்பொறிக்கென 'மியூசிக் கன்ஸ்ட்ரக்ஷன் செட்' என்னும் மென்பொருள் வெளிவந்தது. வில் ஹார்வி என்னும் பள்ளி மாணவர் இயற்றியது இது. திரையில் தோன்றும் ஐந்து கோடுகளின்மீது சுரக்குறிகளை எடுத்து வைத்தால், பொறி அவற்றை இசைத்துக் காட்டும். இத்தகைய மென்பொருள்கள் 5¼ அங்குல நெகிழ்வட்டுகளில், அதாவது பிளாப்பிகளில், விற்கப்பட்டன. பிறர் நகலெடுப்பதைத் தடுக்கக் கருதிய வெளியீட்டாளர்கள் பலர் வட்டிலேயே ஒரு தடையை அமைத்தனர். அவ்வட்டுகள் நாளடைவில் அழிந்துவரும் இக்காலத்தில், அத்தடை அவற்றைக் காக்க முனைவோருக்கே இடையூறாகியுள்ளது.

ஆப்பிள் II வட்டின் ஒரு பக்கத்தில் பொதுவாக 35 வட்டப்பாதைகளும், பாதையொன்றில் 16 பகுதிகளும், பகுதியொன்றில் 256 பைட்டுகளும் உண்டு. சாதாரண நகலெடுப்பு இந்தப் பைட்டுகளை மட்டுமே பெயர்த்தெழுதும். தடையோ, பைட்டுகள் காந்தப் பரப்பில் அமைந்துள்ள விதத்தில் இருக்கிறது. பகுதிகளின் தொடக்கக் குறிகளை மாற்றிவிடுதல் எளிய முறை. மற்றொன்று மிக நுட்பமானது. காந்தத் திசைமாற்றமே இல்லாத ஓரிடத்தை வட்டில் விட்டுவைப்பர். அங்கே குறி எதுவும் கிட்டாமையால், படிக்கும் கருவியின் மின்பெருக்கி தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே சென்று, முடிவில் இரைச்சலையே குறியாகக் கொள்ளும். ஆதலின் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை வரும். மென்பொருள் அவ்விடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். விடைகள் மாறுபட்டால் மூலவட்டு என ஏற்கும், மாறாதிருந்தால் நகல் என்று இயங்க மறுக்கும். திருந்திய நகலே தன் ஒழுங்கினால் பிடிபடுவது விந்தைதான்!

ஆகவே பைட்டுகளை விடுத்து, காந்தத் திசை மாறும் கணங்களையே பதிவு செய்கின்றனர். வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறது. ஒரு பிட்டுக்குரிய காலம் 4 மைக்ரோ வினாடி. கிரீஸ்வீசல், ஆப்பிள்சாஸ் போன்ற கருவிகள் இதனினும் நுண்ணிய இடைவெளிகளை அளக்கவல்லன. ஒரே பாதையைப் பல சுற்றுகள் பதிவு செய்தால், நிலையான குறி எது, மாறும் இரைச்சல் எது என்பது புலனாகும்.

படிக்குமுன் வட்டுறையின் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடுதல் வேண்டும். மூடினால் கருவி அதில் எழுதாது. பூஞ்சை படிந்த வட்டை அப்படியே செருகலாகாது. காந்தப் பூச்சு உரிந்து போவதுடன், அழுக்கேறிய படிக்கும் முனை அடுத்த வட்டையும் கீறிவிடும்.

வழக்கொழிந்த வடிவில் வெளிவந்து, மூலவட்டு இருந்தாலன்றி இயங்காத மென்பொருள்களைப் பாதுகாத்தற்பொருட்டு நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தடையை நீக்கிக்கொள்ள அமெரிக்காவில் 2006-ல் சட்ட விலக்கு அளிக்கப்பட்டது. அட்டாரி எஸ்.டி. பொறிக்கு 1989-ல் வந்த 'கியூபேஸ்' போன்றவற்றுக்கோ வட்டு மட்டும் போதாது. பொறியின் பக்கத்தில் செருகும் சாவிக்கட்டையும் வேண்டும். அவ்வகை வட்டுகளைச் சேகரிப்போர் சாவிக்கட்டையையும் உடன் தேடிப் பெறுதல் இன்றியமையாதது.