படுக்கையறைக்குள் ஒரு படகுப் பட்டறை

கார் டிக்கியின் வளைவிலும் வேனின் பக்கவாட்டிலும் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தும் ஃபைபர் வூஃபர் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ள நினைக்கும் இளைஞருக்குக் கடலூர் வட்டாரத்தில் பொருளும் புதிதல்ல, கைவேலையும் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் இருந்த இடத்தைப் பெருமளவு ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை படகின் விரிசலை அடைக்கும் அதே பாலியஸ்டர் ரெசின், அதே கண்ணாடி இழைப் பாய், அதே ஹார்டனர்தான் வூஃபர் பெட்டிக்கும். ஒரே வித்தியாசம், படகு வேலை கடற்கரை மணலில், காற்றோட்டத்தில் நடக்கிறது. பெட்டி வேலை கதவைச் சாத்திய அறைக்குள் நடக்கிறது. பெட்டி நன்றாக அமைவதைவிட அந்தக் கதவு திறந்திருப்பது முக்கியம்.

கைவேலை அழகானது என்பதில் சந்தேகமில்லை. தட்டையான பிளைவுட் பலகை நடுவில் அதிரும். வளைந்த ஃபைபர் சுவர் அவ்வளவு எளிதில் அதிராது. எம்டிஎஃப் பலகையில் வூஃபருக்கான வளையத்தை வெட்டி, சட்டத்தில் நிறுத்தி, அதன்மேல் பனியன் துணியை இழுத்துக் கட்டி ரெசின் பூசினால் துணியே உருவமாகிவிடுகிறது. அது இறுகியதும் உட்புறம் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஐந்தாறு மில்லிமீட்டராவது இல்லாவிட்டால் பெட்டி தானே பாட ஆரம்பித்துவிடும். கோணல்மாணலான உருவத்தின் உள்ளளவை நீள அகலத்தால் கணக்கிட முடியாது. அரிசியைக் கொட்டி நிரப்பி, அதை லிட்டர் படியால் அளப்பதே நம் வீட்டுக்கேற்ற வழி. வூஃபர் கேட்கும் அளவைவிடப் பெட்டி சிறுத்தால் அடித்தொனி ஆழம் இழந்து வெறும் உறுமலாகிவிடும்.

ஆனால் ஐந்தாறு அடுக்கு என்பது கிலோ கணக்கில் ரெசின். அந்த ரெசினில் சுமார் நாற்பது சதவீதம் ஸ்டைரீன் என்ற, எளிதில் ஆவியாகும் திரவம். 2018இல் சர்வதேச நிபுணர் குழு, மனிதருக்குப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் அதைச் சேர்த்தது. தலைவலியும் கண்ணெரிச்சலும் அதற்கெல்லாம் முன்பே வந்துவிடும். வெப்பம் 31 டிகிரியைத் தொட்டாலே ஸ்டைரீனின் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளக்கூடியது. நம் ஊர்ப் பகல்களில் பெரும்பாலானவை அதைத் தாண்டியவை. அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தவழ்ந்து, குழந்தை பாய் விரித்துப் படுத்திருக்கும் இடத்துக்கும் சமையலறை அடுப்படிக்கும் போகிறது. சிதம்பரத்துப் பழைய வீடுகளின் முற்றம் திறந்த வெளிதானே என்று நினைக்கலாம். நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த பள்ளத்தில் கனமான ஆவி தங்கத்தான் செய்யும். மொட்டை மாடிதான் சரியான இடம், அதுவும் காலை நிழலில். வெயிலில் ஹார்டனர் கலந்த ரெசின் பூசுவதற்குள் இறுகிவிடும். டப்பாவில் மொத்தமாகத் தேங்கினால் சூடேறிப் புகையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலோ சரியாகவே இறுகாது.

இருபது வருடமாகக் கரையில் இதைச் செய்கிறார்களே, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. கரையில் வீசும் காற்று படுக்கையறையில் வீசுவதில்லை. கடலூர் தொழிற்பேட்டையின் ரசாயன வாடைக்கு முன் இது எம்மாத்திரம் என்பதும் சரியான கேள்வியல்ல. அளவு சிறிதானாலும் இது மூக்குக்கு ஒரு முழம் தூரத்தில், மூடிய அறைக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வாடைக்கு எதிராகப் பல வருடம் குரல் கொடுத்த ஊர், தானே வீட்டுக்குள் கொண்டுவரும் வாடையைப் பற்றிப் பேசாமலிருப்பது நியாயமில்லை. சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடுவதால், வாடை போய்விட்டது என்ற நம்பிக்கையும் பொய். முகத்தில் கட்டும் துண்டும் மருந்துக்கடை முகக்கவசமும் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். முடிந்த பெட்டியும் பல நாள் ஆவியைக் கக்கிக்கொண்டிருக்கும். அதுவரை அது மாடியிலேயே இருக்கட்டும்.

ஸ்டைரீனைவிட அவசரமான ஆபத்து ஹார்டனர் பாட்டிலில் இருக்கிறது. ரெசினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் சேர்க்கிறோம், ஆனால் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ரெசினை விரைவாக இறுகச் செய்யும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரோடு அதை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் ஆக்ஸிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்டனரை ஊற்ற வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்த மூடியைத் திறக்காதீர்கள். தப்பித் தவறிக் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே கால்மணி நேரம் விடாமல் தண்ணீரால் கழுவ வேண்டும். மாடியில் குழாய் இல்லையென்றால் நாலைந்து குடம் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.