குளத்தில் தூண்டில் போடுவோர் கவனத்திற்கு

அறுவடை ஓய்ந்த நாட்களில் குளக்கட்டில் அமர்ந்து தூண்டில் போடுவது கமக்காரருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இனிய பொழுதுபோக்காகும். 1952ஆம் ஆண்டளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று உலர்வலயக் குளங்களில் பெருகி, கறிக்கும் உதவுகின்றது. ஆயினும் சிறு கவனக்குறைவும் உயிரைப் பறிக்கலாம் என்பதை மறத்தலாகாது.

முதலாவதாக, இடத்தை ஆராய்ந்து தெரிதல் வேண்டும். துருசு திறந்திருக்கும்போது அதன் வாயை நோக்கி நீர் இழுக்கும் விசை மேற்பரப்பில் தோன்றுவதில்லை. நன்றாக நீந்துவோரும் அதற்குத் தப்புதல் அரிது. குளம் வான் பாயும் காலத்தில் பாசி படிந்த கற்கள் வழுக்கும். ஆகையால் இவ்விரு இடங்களையும் விட்டு விலகியிருத்தல் நன்று. முதலை உள்ள குளங்களில் நீரில் இறங்கி நிற்பதும், இருண்டபின் நீரோரத்தில் இருப்பதும், மீன்குடலைக் கரையில் எறிவதும் ஆபத்தானவை.

இரண்டாவதாக, காலத்தை அறிதல் வேண்டும். மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னல் மிகுதி. இடி கேட்டதும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்தினுள் செல்லல் வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்புதல் கூடாது.

சிறுவர் தனியே செல்லலாகாது. ஒருவர் நீரில் வீழ்ந்தால் பதறிக் குதிப்பவரும் மூழ்குவதுண்டு. கயிறு, நீண்ட தடி, மூடியிட்ட வெற்றுக் கலன் ஆகியவற்றுள் ஒன்றை எட்டக் கொடுத்தலே தக்க முறை. உடனே 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் அவசர நோயாளர் வண்டி இலவசமாக வரும். முள் ஆழப் பதிந்தால் பிடுங்காது நூலை மட்டும் வெட்டி, வைத்தியசாலைக்குச் செல்க. காலிற் புண்ணுடையோர் நீரில் இறங்கின் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும்.

குளத்தின் செல்வத்தைக் காப்பதும் கடமையே. வெடியோ நஞ்சோ இட்டு மீன் பிடித்தல் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. திலாப்பியாவின் தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயினுள் வைத்துக் காப்பதாகும். அத்தகைய மீன் அகப்படின் நீரிலேயே விட்டுவிடுதல் அடுத்த பருவத்துக்கு இட்ட வித்தாகும். அறுந்த நூலைக் கரையில் விடின் கொக்கும் நீர்க்காகமும் அதிற் சிக்கி மடியும். அதனைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்க.

வெறும் கூடையுடன் திரும்பினும் குறைவில்லை. சென்றவர் யாவரும் நலமே வீடு திரும்புதலே பெரும்பேறு.