காவிரியில் போன ஏடும் கணினி தரும் கட்டுரையும்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், மாணவர் அளிக்கும் கட்டுரை யாருடையது என்னும் வினா கல்லூரிகளில் எழுந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவோ அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்துப் புதுத்தொடர் ஆக்குவது; அவ்வளவுகோலுக்கு எளிதில் அகப்படாது. இல்லாத நூலையும் பாடலையும் மெய்போல் காட்டுவதும் உண்டு. மூலநூலைப் புரட்டிப் பாராது அவற்றை ஏற்றல் தமிழ் மாணவர்க்குத் தகாது.

திருச்சிராப்பள்ளியில் பயிலும் நமக்கு ஆற்றின் அக்கரையிலேயே ஒரு சான்று உண்டு. திருவாய்மொழிக்கு நஞ்சீயர் வரைந்த ஒன்பதினாயிரப்படி உரையைப் படியெடுக்கப் பெற்றுச் சென்ற நம்பிள்ளை, காவிரியைக் கடக்கையில் அவ்வேட்டை வெள்ளத்தில் இழந்தார் என்று திருவரங்கத்துக் குருபரம்பரை வரலாறு கூறும். கேட்ட பாடத்தை நினைவிலிருந்தே முழுதும் எழுதினார். சிலவிடங்களில் தம் விளக்கத்தையும் சேர்த்தார். வேறுபாடு கண்டு ஆசிரியர் வினவ, நடந்ததை மறைக்காது உரைத்தார். நஞ்சீயர் மகிழ்ந்தார்.

அங்கே ஏடு போயிற்று, பாடம் போகவில்லை. கணினி எழுதித் தந்த தாள் தொலைந்தாலோ மாணவரிடம் எஞ்சுவது யாது?

கணினியிடம் ஐயம் கேட்கலாம்; கேட்டதையும் கொண்டதையும் கட்டுரையிலேயே குறித்தல் வேண்டும். ஆசிரியரும் தாளை மூடிவைத்துவிட்டு மாணவரை வாய்மொழியாகச் சொல்லச் செய்யலாம். அறுபது பேர் வகுப்பில் அதற்கு நேரமேது என்பார்க்கு, ஒப்படைப்புகளைப் பாதியாகக் குறையுங்கள் என்போம்.